விற்பதையும் வாங்குவதையும் ஒரே கணக்கில் எழுதுங்கள்: எங்கள் நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி ஆணையர், நகர்மன்றத் தலைவர், நகராட்சிப் பொறியாளர், ஒப்பந்தப்புள்ளிக் குழுவினர் ஆகியோருக்கு,

சென்ற மாதம் நகராட்சி அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் அருகருகே ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று ஏல அறிவிப்பு. "உபயோகமற்ற தளவாடங்கள்" என்ற தலைப்பில் நீர்மூழ்கி மோட்டார்கள், பேட்டரியில் ஓடும் குப்பை வண்டிகள், ஸ்டார்ட்டர் பெட்டிகள், தெருவிளக்குக் கூடுகள் என்று ஒரு பட்டியல். மற்றது ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு. நீர்மூழ்கி மோட்டார்கள், பேட்டரி வண்டிகள், ஸ்டார்ட்டர் பெட்டிகள், தெருவிளக்குகள் என்று அதே பட்டியல், அநேகமாக அதே வரிசையில். இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை. நேற்று வாங்கியவை இன்று ஏன் ஏலத்துக்கு வந்தன என்று அலுவலகத்துக்குள் ஒருவராவது கேட்டிருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது.

யாரும் கேட்கவில்லை. நகர்மன்றத்தில் இரண்டு தீர்மானங்களும் விவாதமில்லாமல் நிறைவேறிவிட்டன. ஏலத் தேதி நெருங்குகிறது.

நான் மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிறவன். கீழத்தஞ்சையில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இந்தக் கடைமடை ஊரில், என் தகப்பனார் காலத்திலிருந்து பட்டறை நடக்கிறது. விவசாயிகளின் மோட்டார், கல்யாண மண்டபத்து மோட்டார், நகராட்சியின் மோட்டார் எல்லாம் இங்கேதான் வந்து படுக்கின்றன. நகராட்சியோடு எனக்கு நேரடிக் கணக்கு கிடையாது. ஒப்பந்தக்காரர் கொண்டுவருவார், கட்டிக் கொடுப்பேன், அவர் கூலி கொடுப்பார். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த மடலில் கேட்பதையெல்லாம் நீங்கள் செய்தால் என் வருமானம் குறையும். நல்ல மோட்டார் அடிக்கடி பட்டறைக்கு வராது. ஆகவே, வேலை கேட்டு எழுதுகிறான் என்று கோப்பில் குறிப்பு எழுத வேண்டாம்.

குடிநீர் ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு நீங்கள் வாங்கும் மோட்டார்கள் ஏன் கருகுகின்றன என்பதை முதலில் சொல்கிறேன். இது எனக்குக் கைப்பழக்கம் உள்ள விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்வேன். நம் மண் ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். கிணற்றுத் துளைக்குள் இறக்கும் கேசிங் குழாயின் துளை வழியாக நைஸ் மணல் உள்ளே வரும். அந்த மணல் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைத் தேய்க்கும், தண்டைத் தாங்கும் புஷ்ஷைத் தேய்க்கும், சுழலும் தண்டான ஷாஃப்ட் ஆட ஆரம்பிக்கும். கடற்கரையை நெருங்க நெருங்கத் தண்ணீரில் உப்பு. வார்ப்பிரும்புப் பாகங்களை உப்பு தின்னும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் மோட்டார் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடும். மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறையும். மின்சாரம் வரும் மூன்று பேஸில் ஒன்று போனாலும் மோட்டார் நிற்காமல் முனகிக்கொண்டே ஓடி, சற்று நேரத்தில் கருகிவிடும். இதைத் தடுக்க 'சிங்கிள் பேஸ் பிரிவென்டர்' என்று ஒரு சிறிய கருவி இருக்கிறது. மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம். சில ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகூட அதைத் தன் ஸ்டார்ட்டரில் மாட்டி வைத்திருக்கிறார். நகராட்சியிலிருந்து என் பட்டறைக்கு வந்த ஸ்டார்ட்டர் பெட்டிகள் பலவற்றில் அது இல்லை. ஏன் இல்லை என்று ஒப்பந்தக்காரரைக் கேட்டேன். "டெண்டரில் கேட்கவில்லை" என்றார். அவர் சொன்னது சரி. கேட்காததைக் கொடுத்தால் அவர் விலை உயரும், விலை உயர்ந்தால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

உங்கள் விவரக்குறிப்பில் என்னதான் இருக்கிறது? இத்தனை குதிரைத்திறன், இத்தனை ஸ்டேஜ் (இம்பெல்லர் அடுக்கு), ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஓராண்டு வாரண்டி. அதற்குமேல் ஒன்றும் கிடையாது. மணல் கலந்த தண்ணீருக்கு ஏற்றதா, உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடிக்காத எஃகுப் பாகங்கள் உண்டா, உதிரி பாகம் எந்த ஊரில் கிடைக்கும், பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்து தர வேண்டும் என்ற கேள்வி எதுவும் இல்லை. மேட்டுப்பாங்கான ஊர் ஒன்றின் டெண்டர் தாளை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியதுபோல் இருக்கிறது. பாறையில் துளைத்த கிணற்றுக்கு வாங்கும் மோட்டாரும் வண்டல் மண்ணில் இறக்கும் மோட்டாரும் ஒன்றா?

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் என்றால் அது கொடுக்க வேண்டிய சக்தி சுமார் 5.6 கிலோவாட். மோட்டாரின் திறன் (இழுக்கும் மின்சாரத்தில் வேலையாக மாறும் பங்கு) 80 விழுக்காடு என்றால் அது மின்கம்பியிலிருந்து இழுப்பது 7 கிலோவாட். திறன் 70 விழுக்காடு என்றால் 8 கிலோவாட். வித்தியாசம் ஒரே ஒரு கிலோவாட்தான். ஆனால் குடிநீர் மோட்டார் தினமும் பத்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,650 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 29,200 ரூபாய். விலை குறைந்த மோட்டாரால் வாங்கும்போது பத்தாயிரம் ரூபாய் மிச்சமானது என்றே கொள்வோம். ஐந்து மாதம் முடிவதற்குள் மின்கட்டணம் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். அதற்குப் பிறகு அந்த மோட்டார் ஓடும் ஒவ்வொரு மாதமும் நகராட்சிக்கு நட்டம். ஆனால் மோட்டார் வாங்கியது ஒரு கோப்பில் இருக்கிறது, மின்கட்டணம் கட்டுவது வேறொரு கோப்பில் இருக்கிறது, காயில் கட்டிய செலவு மூன்றாவது கோப்பில் இருக்கிறது. மூன்றையும் ஒரே மேசையில் விரிப்பவர் இல்லை. ஒவ்வொரு மோட்டாருக்கும் எப்போது வாங்கியது, எத்தனை முறை பழுது பார்த்தது என்ற பதிவு உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். அப்படி ஒரு பதிவேடு பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. நேர்மையான பதில், மறுப்பதற்கில்லை. ஆனால் பதிவே இல்லாத ஒரு பொருளை "உபயோகமற்றது" என்று முடிவு செய்தது எதை வைத்து?

பேட்டரி வண்டிகளின் கதை இதைவிடக் கேவலம். தூய்மைப் பணியாளர்கள் மிதித்துத் தள்ளிய மூன்று சக்கர வண்டிகளை மாற்றிப் பேட்டரி வண்டி கொடுத்தது நல்ல முடிவு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த வண்டிகளுக்கு மாலை போட்டு, கொடியசைத்து, படம் பிடித்ததும் நினைவிருக்கும். இப்போது அவற்றில் பாதிக்கும் மேல் உரக்கிடங்கு வளாகத்தில் வேலிக்கருவைக்குள் நிற்கின்றன. நான் போய்ப் பார்த்தேன். சட்டகம் நன்றாக இருக்கிறது. சக்கரம் நன்றாக இருக்கிறது. பெரும்பாலானவற்றில் செத்தது பேட்டரி. 48 வோல்ட்டுக்கு நான்கு பேட்டரிகளை வரிசையாக இணைத்திருப்பார்கள். அதில் ஒன்று படுத்தால் மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினாலும் சரிவராது. பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும், முழுவதும் காலியாகும்வரை ஓட்டக் கூடாது, இரவில் சரியாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். இதை யார் செய்வது என்று டெண்டரில் ஒரு வரி இல்லை. சில வண்டிகளில் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் எரிந்துபோயிருக்கிறது. அதை விற்ற நிறுவனம் எங்கோ வடக்கே இருக்கிறது. தொலைபேசியை எடுப்பதில்லை என்று உங்கள் ஊழியரே சொன்னார்.

எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் ஓடாத பேட்டரி வண்டியைக் குப்பையோடு தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அது மிதிவண்டியைவிடப் பல மடங்கு கனம். "அண்ணே, பழைய மிதிவண்டியையே கொடுக்கச் சொல்லுங்கள், அதை மிதித்தாலாவது நகரும்" என்றார். பழைய மிதிவண்டிகள் எங்கே என்று விசாரித்தேன். அவற்றை முன்பே ஏலம் விட்டுவிட்டார்களாம்.

ஏலம் என்றதும் இன்னொன்று. எங்கள் தொழிலில் எரிந்த காயில் குப்பை கிடையாது. அதிலிருந்து உருவும் செம்பு எடை போட்டு விற்கப்படும், உருக்கி மீண்டும் கம்பியாக இழுக்கப்படும். செம்பின் விலை இரும்பின் விலையைப்போல் பல மடங்கு. நீங்கள் மோட்டாரை முழுசாக, பழைய இரும்பு என்ற கணக்கில், மொத்தக் குவியலாக ஏலம் விடுகிறீர்கள். ஏலம் எடுப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், உங்கள் கோப்புக்குத் தெரியாது. குவியல் ஏலத்தில் நாலைந்து பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வருவதும், ஊரில் டீக்கடை வரை எல்லோருக்கும் தெரிந்ததும், நகராட்சிக்கு மட்டும் தெரியாமல் இருப்பதும் வழக்கமாகிவிட்டது. செத்த பேட்டரிகளை அந்தக் குவியலோடு சேர்த்து விடுவது இதைவிட மோசம். ஈயத்தையும் அமிலத்தையும் எங்கேயோ ஒரு கொல்லையில் உடைத்து வாய்க்காலில் கழுவுவார்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்துவிட்டன. விற்ற பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் பொறுப்பு என்று அந்த விதிகள் சொல்கின்றன. சட்டப்படி அவர் தலையில் இருக்கும் சுமையை நீங்கள் ஏன் ஏலம் போட்டு எங்கள் வாய்க்காலில் இறக்குகிறீர்கள்?

பொறியாளர் அவர்கள் இதற்குச் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். பலமுறை கேட்ட பதில்தான். "குறைந்த விலையை விட்டுவிட்டு அதிக விலைக்கு வாங்கினால் தணிக்கையில் மாட்டுவேன்." அவருடைய பயம் நியாயமானது. தணிக்கைத் தடையால் ஓய்வூதியம் நின்றுபோனவர்களை நானும் அறிவேன். ஆனால் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 10ஆவது பிரிவு. ஏற்க வேண்டியது மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியைத்தான். ஆனால் எது மிகக் குறைந்தது என்பதை, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் குறிப்பிட்ட, அளவிடக்கூடிய காரணிகளை வைத்து, அவற்றுக்குரிய எடைகளைக் கொடுத்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் சாரம். ஒப்பந்தக்காரர் குறிப்பிட்ட விலை மட்டும்தான் காரணி என்று அது சொல்லவில்லை. மின்சாரச் செலவு அளவிடக்கூடியது. வாரண்டிக் காலம் அளவிடக்கூடியது. பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விலை அளவிடக்கூடியது. இவற்றை டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே எழுதி, இன்ன காரணிக்கு இத்தனை மதிப்பெண் என்று வெளிப்படையாக அறிவித்தால், தணிக்கையாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் அந்த ஆவணத்திலேயே இருக்கும். எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு குறைந்த விலையைத் தவிர வேறு வழியில்லை என்பது சட்டத்தின் குற்றமாகாது.

தெருவிளக்குக்கு இந்த வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2015இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில், மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமே எல்.இ.டி. விளக்குகளைத் தன் செலவில் பொருத்தி, ஏழு ஆண்டுகள் பராமரித்து, மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. விளக்கை வாங்கவில்லை, வெளிச்சத்தை வாங்கினார்கள். எரியாத விளக்கு விற்றவருக்கே நட்டம் என்று ஆகிவிட்டால் அவர் ஏன் மட்டமான விளக்கை மாட்டப்போகிறார்? குடிநீர் மோட்டாருக்கும் குப்பை வண்டிக்கும் அதேபோல் ஐந்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்து விலை கேட்கத் தடை என்ன இருக்கிறது?

பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குவது நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டிய வித்தையும் அல்ல. கும்பகோணம் பாத்திரக் கடைத்தெருவில் ஓட்டையான பித்தளை அண்டாவைக் கொண்டுபோனால் தராசில் வைத்து, எடைக்கு விலை போட்டு, புதுப் பாத்திரத்தின் விலையில் கழித்துக்கொள்வார்கள். அந்தப் பழைய பித்தளை உருகி வேறு பாத்திரமாகவோ விளக்காகவோ திரும்பி வரும். கடைக்காரர் எடை போடும்போது நம் வீட்டுப் பெண்கள் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். ஒரு அண்டாவுக்குக் காட்டும் அந்தக் கண்டிப்பில் கால்வாசியை ஊர்ச் சொத்துக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். டெண்டரில் ஒரு வரி போதும்: "பழுதான பழைய மோட்டாரையும் பேட்டரியையும் எடைக்கு எடை திரும்ப எடுத்துக்கொண்டு, விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்."

அடுத்து மழைக்காலம். இது ஆண்டுதோறும் நடக்கும் கூத்து. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 2008இல் நிஷா புயல் எப்படி நம் பகுதியை மூழ்கடித்தது, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா எப்படிப் புரட்டிப்போட்டது என்பது உங்களில் பலருக்கு நேரில் தெரியும். ஆனாலும் ஐப்பசியில் முதல் அடைமழை பெய்து தாழ்வான தெருக்களில் முழங்கால் தண்ணீர் நின்ற பிறகுதான் மணல் மூட்டைக்குச் சாக்கு வாங்கக் கோப்பு நகரும். இயற்கைப் பேரிடர்க் காலத்தில் ஒப்பந்தப்புள்ளி நடைமுறையிலிருந்து விலக்கு அளிக்க அதே 1998 சட்டத்தின் 16ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், கஜா போன்ற நாளில் டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு ஐப்பசியும் கஜா அல்ல. ஆடியில் யோசித்திருந்தால் நிதானமாக வாங்கியிருக்கக்கூடிய சாக்கையும் தார்ப்பாயையும் டீசல் பம்பையும் மழையில் நனைந்துகொண்டே கிடைத்த விலைக்கு வாங்குகிறீர்கள்.

வாங்குவது என்ன சாக்கு? வெள்ளை நிறப் பிளாஸ்டிக் சாக்கு. வாய்க்கால் கரையில் மணல் நிரப்பி அடுக்குகிறீர்கள். மழை முடிந்ததும் யாரும் எடுப்பதில்லை. பங்குனி வெயில் பட்டதும் அது நார்நாராக, பிறகு தூள்தூளாக உதிர்கிறது. மணல் வாய்க்காலுக்குள் சரிகிறது, பிளாஸ்டிக் நார் தண்ணீரோடு போய் மதகில் அடைக்கிறது, மிச்சம் வயலுக்குப் போகிறது. எங்கள் குடும்பத்துக்கு வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நாற்றங்காலில் உழவு ஓட்டும்போது மண்ணோடு வெள்ளை நார் புரண்டு வருவதைப் பார்க்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழ்நாட்டில் தடை செய்து, கடைக்காரர்களிடம் அபராதம் வசூலிப்பவர்கள் நீங்கள். தடைப் பட்டியலில் மணல் சாக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். கேரி பேக் வைத்திருந்த காய்கறிக்காரப் பாட்டியிடம் அபராத ரசீது கிழித்த அதே வாரத்தில் லாரி நிறையப் பிளாஸ்டிக் சாக்கை வாய்க்கால் கரையில் இறக்கினால் ஊர் என்ன நினைக்கும்?

நம்மைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். டெல்டா முழுக்க நெல் கொள்முதல் நிலையங்கள். 1987ஆம் ஆண்டு சணல் பைச் சட்டத்தின் காரணமாக அரசு வாங்கும் நெல் சணல் சாக்கில்தான் போகிறது. நெல்லுக்கு இனி உதவாது என்று அரிசி ஆலைகளிலும் பழைய சாக்குக் கடைகளிலும் கழித்துப் போட்ட சாக்குகள் மலையாகக் கிடக்கின்றன. சின்ன ஓட்டையைத் தைத்தால் ஒரு மழைக்காலத்துக்கு மணல் தாங்கும். மழை முடிந்தால் மக்கி மண்ணாகும். தைத்துக் கொடுக்க மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. நிரந்தரமாகக் கரை சரியும் இடங்களுக்கு இன்னும் நல்ல வழி தென்னை நார் விரிப்பு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய் மட்டைக்குப் பஞ்சமா? கஜாவில் லட்சக்கணக்கான தென்னைகளை இழந்துவிட்டு மெல்ல எழுந்து வரும் பகுதி அது. கேரளத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்திலேயே வாய்க்கால், குளக் கரைகளுக்கு இந்த விரிப்பைப் போட்டிருக்கிறார்கள். 2020இல் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்திலும் இதற்கு மத்திய அரசு அனுமதி கொடுத்துவிட்டது. விரிப்பு மக்குவதற்குள் நாணலோ வெட்டிவேரோ வேர்விட்டுக் கரையைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் குளக்கரைக்கு எஸ்டிமேட் போட்டால் கான்கிரீட் பலகையும் பேவர் பிளாக்கும் தவிர வேறு எதுவும் அந்தத் தாளில் ஏறுவதில்லை.

சாலை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லா ஊரும் புலம்பும் விஷயம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய தளம் போட வேண்டும், உயரம் கூடக் கூடாது என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். எங்கள் தெருவில் அதற்குப் பிறகும் மேலே மேலேதான் போட்டீர்கள். சுரண்டி எடுக்கும் ஜல்லியையும் தாரையும் மறுபடி பயன்படுத்தலாம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். திண்ணை வைத்த வீடுகளுக்கு இப்போது தெருவிலிருந்து இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீரும் எங்களோடு இறங்கி வருகிறது.

இன்னொரு குறை, உள்ளூர்க்காரர்களைப் பற்றியது. சணல் சாக்கு தைக்கும் குழுவோ, நார் விரிப்பு செய்யும் சிறு தொழிலோ, நாற்காலி பின்னும் தைக்கால் ஊர்ப் பக்கத்துப் பிரம்புத் தொழிலாளர்களோ உங்கள் டெண்டருக்குள் நுழையவே முடியாது. மூன்றாண்டு வரவு செலவு இத்தனை லட்சம் இருக்க வேண்டும், இதே பொருளை வேறு அரசு அலுவலகத்துக்கு விற்ற சான்று வேண்டும், மொத்தப் பட்டியலையும் ஒருவரே கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை. மோட்டாரும் நாற்காலியும் சாக்கும் ஒரே பொட்டலமாக ஏன் கட்டப்படுகின்றன? பிரித்துக் கேட்டால் நாற்காலி பின்ன இங்கே ஆள் இருக்கிறது. பின்னல் அறுந்தால் மறுபடி பின்னவும் அதே ஆள் இருப்பார். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் உடைந்தால் என்ன செய்வீர்கள்? அதற்கும் ஏலம்தானே?

ஆணையர் அறைச் சுவரில் பதினேழு வண்ணக் கட்டங்களோடு ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகள் தொங்குகின்றன. 12ஆவது கட்டத்தின் 7ஆவது பிரிவு, அரசுக் கொள்முதல் நீடித்த முறையில் நடக்க வேண்டும் என்கிறது. 2015இல் இந்தியாவும் சேர்ந்து ஏற்றுக்கொண்டது அது. மனு கொடுக்க வரிசையில் நின்றபோது அந்தப் படத்தை நன்றாகப் பார்க்க நேரம் கிடைத்தது.

இனி என் கோரிக்கைகள்.

ஏலத்தை உடனே நிறுத்தி வையுங்கள். ரத்து செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொரு மோட்டாரையும் வண்டியையும் திறந்து பார்த்து, பழுது நீக்கக்கூடியது, உதிரி பாகத்துக்கு உதவுவது, உண்மையிலேயே கழிப்பது என்று பிரியுங்கள். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் அழைத்தால் மாணவர்களுக்குப் பயிற்சியாகவும் இருக்கும். கழிப்பதிலும் செம்பு, இரும்பு, பேட்டரி தனித்தனியாகப் பிரிய வேண்டும். பேட்டரி ஏலத்துக்கு வரவே கூடாது. உற்பத்தியாளரையோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரையோதான் அது சேர வேண்டும்.

புதிய ஒப்பந்தப்புள்ளியைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள். மின் செலவு, ஐந்தாண்டுப் பராமரிப்பு, மாவட்டத்துக்குள் உதிரி பாகம், பழையதைத் திரும்ப எடுத்தல் ஆகிய நான்குக்கும் மதிப்பெண் எவ்வளவு என்று ஆவணத்திலேயே எழுதுங்கள். நம் ஊர் மணலுக்கும் உப்புக்கும் ஏற்ற விவரக்குறிப்பு வேண்டும். ஸ்டார்ட்டரில் பிரிவென்டர் கட்டாயம். சிறு தொழில்களும் குழுக்களும் நுழையும்படி பட்டியலைப் பிரித்துக் கேளுங்கள்.

மழைக்காலக் கொள்முதலை ஆகஸ்ட் மாதத்துக்குள் முடியுங்கள். இந்த ஆண்டு ஒரு வார்டிலாவது சணல் சாக்கையும், ஒரு குளக்கரையிலாவது தென்னை நார் விரிப்பையும் போட்டுப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் எழுத்தில் சொல்லுங்கள், வாதாடாமல் ஏற்றுக்கொள்கிறேன்.

நகராட்சி வாங்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓர் அட்டை போடுங்கள். வாங்கிய நாள், விலை, பழுது, மின்செலவு, கழித்த நாள் எல்லாம் அதில் ஏறட்டும். அடுத்த டெண்டர் போடும் முன் அந்த அட்டைகளை நகர்மன்றத்தில் வையுங்கள்.

ஏலத் தேதிக்கு முன்பாக இந்த மடலுக்கு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். உரக்கிடங்கில் கிடக்கும் மோட்டார்களைத் திறந்து பார்க்க நானும் என் பட்டறைப் பையன்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், கூலி வேண்டாம். கொட்டகையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். போன முறை போனபோது காவலாளிக்கும் அது தெரியவில்லை.

இப்படிக்கு,
காயில் கட்டும் பட்டறைக்காரன்,
கீழத்தஞ்சை